மனு பார்க்க ஆள் இல்லாதவர்கள்

ஆண்கள் சிறை வாசலில் மனு நாளன்று, அதாவது கைதிகளைப் பார்க்க விடுகிற நாளன்று, கூட்டம் நெரியும். அம்மாக்கள், மனைவிகள், இடுப்பில் குழந்தையோடு வந்த அக்கா தங்கைகள். கையில் ஆதார் நகல், பழம், பிஸ்கட், உள்ளே கணக்கில் கட்டுவதற்கு மடித்து வைத்த ரூபாய்த் தாள்கள். அதே நாளில் பெண்கள் சிறை வாசலுக்குப் போனால் மரத்தடியில் சிலர்தான் இருப்பார்கள். அவர்களிலும் பெரும்பாலும் வயசான அம்மாக்கள். கணவன் வந்து நிற்பது அபூர்வம். சட்டப் பணிகள் தன்னார்வலராகப் போய்வர ஆரம்பித்ததிலிருந்து பார்க்கிறேன், இந்தக் காட்சி மாறவே இல்லை.

மகன் உள்ளே போனால் நகையை அடகு வைத்து வக்கீல் பிடிக்கிற குடும்பம், மகள் உள்ளே போனால் ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்று வீட்டைக் காலி செய்கிறது. பெண்களின் வழக்குகளில் நான் கண்ட கஷ்டங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. சட்டம் அவளுக்காகக் கொஞ்சமல்ல, நிறையவே எழுதி வைத்திருக்கிறது. அதை அவள் கையில் வாங்கிக் கொடுக்க வெளியே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இல்லை.

*

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று நாட்டுச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் பெண்கள் 23,772. நூற்றுக்கு நாலு பேர். ஆண், பெண் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நாலில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள்.

எண்ணிக்கை குறைவு என்பதால் அக்கறையும் குறைந்து போகிறது. தமிழ்நாட்டில் ஆண்களுக்கு ஒன்பது மத்திய சிறைகள். பெண்களுக்குத் தனிச் சிறைகள் ஐந்து: புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை. பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான். ஆனாலும் மலையடிவாரத்திலோ கடலோரத்திலோ இருக்கிற ஒரு கிராமத்திலிருந்து மகளைப் பார்க்க வருகிற தாய்க்கு இரண்டு மூன்று பஸ், ஒரு நாள் கூலி. வந்து சேர்ந்த பிறகு அடையாள அட்டை நகல் இல்லையென்று தெரியும். ஜெராக்ஸ் கடையைத் தேடி ஓடித் திரும்புவதற்குள் மனு நேரம் முடிந்துவிடும். அடுத்த தடவை அந்த அம்மா வருவதில்லை. உள்ளே இருக்கிற பெண், "எங்கம்மாவும் என்னைக் கைவிட்டுருச்சு" என்று நினைத்துக்கொள்கிறாள். ஒரு நகல் காகிதம் இல்லாததால் வந்த வினை என்று அவளுக்கு யார் சொல்வது?

*

இந்தக் குறிப்புகளில் முதலில் எழுதியிருக்க வேண்டியது இது. 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12. இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் யார் என்று அது பட்டியல் போடுகிறது. அதில் பெண்கள் தனியாக வருகிறார்கள். வருமான வரம்பு அவர்களுக்குக் கிடையாது. பெண் என்பதே போதும். காவலில் இருப்பவர்கள் என்று இன்னொரு வகையும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆக, சிறையில் இருக்கிற பெண்ணுக்கு இரண்டு வழியில் உரிமை.

இது ஊருக்குத் தெரியாது. படித்தவர்களுக்கே தெரியாது. கைதானவுடன் குடும்பம் முதலில் செய்வது, ஸ்டேஷன் வாசலில் நிற்கிற யாரோ கைகாட்டுகிற வக்கீலிடம் வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொடுப்பது. அந்தப் பணம் இரண்டு வாய்தாவில் தீர்ந்துபோகும். அதோடு வக்கீலும் வரமாட்டார். பிறகு அவள் மாதக்கணக்கில், "எனக்கு வக்கீல் இருக்காங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பெயர் கேட்டால் தெரியாது. வக்காலத்துத் தாளில் ரேகை வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கும்.

சட்ட உதவி அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னால்கூட உட்கார மாட்டார்கள். நின்றுகொண்டே பேசுவார்கள். முதல் கேள்வி அநேகமாக, "எவ்வளவு ஆகும்?" என்பதாக இருக்கும். ஒன்றும் ஆகாது என்றால் நம்புவதில்லை. சும்மா வருகிற வக்கீல் சும்மாதான் வாதாடுவார் என்று உள்ளே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்குக் காரணமான வக்கீல்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேஸ் கட்டை வரிவரியாகப் படித்து, காலை ஒன்பதரைக்கெல்லாம் நீதிமன்றத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற சட்ட உதவி வக்கீல்களையும் எனக்குத் தெரியும். ஒருத்தி விடுதலையாகிப் போனால் அந்த பிளாக் முழுக்கப் பேச்சு மாறிவிடும். அடுத்த வாரம் பத்துப் பேர் பெயர் கொடுப்பார்கள்.

*

"ஜாமீன் கிடைச்சுருச்சு, ஆள் வரலை." பெண்கள் சிறையில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம். நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்டார், உத்தரவும் வந்துவிட்டது, ஜாமீன்தார்தான் இல்லை.

இரண்டு ஜாமீன்தார்கள். பல உத்தரவுகளில் அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். வீட்டு வரி ரசீது, ஆதார், குடும்ப அட்டை, போட்டோ. வழக்கே குடும்பத்துக்குள் நடந்ததாக இருந்தால், கணவன் செத்த வழக்கில் மனைவி குற்றவாளிக் கூண்டில் நின்றால், ரத்த உறவு எங்கிருந்து வரும்? மாமியார் வீடு எதிர்த்தரப்பு. பிறந்த வீடு கதவைச் சாத்திவிட்டது. புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிற அக்காவிடம் வரி ரசீது கிடையாது.

இந்த நிபந்தனைகள் புதிதல்ல, இவற்றைத் தவறென்று சொன்ன தீர்ப்பும் புதிதல்ல. 1978-இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. கீழ்நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைக் கிழித்துப் பேசினார். 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். ஏழைக்கு எட்டாத தொகையைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பின்னாளில் பெண் கைதிகள் குறித்து ஆராய மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவுக்கும் அவர்தான் தலைவர். 1948-இல் அவரே ஒரு மாதம் சிறையில் இருந்தவர். சிறையை உள்ளிருந்து பார்த்த நீதிபதி.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக எழுதியது. ஜாமீன் உத்தரவை நீதிமன்றமே மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லையென்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கட்டப்படாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தார்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம், அப்படி வற்புறுத்தக் கூடாது.

இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. இதை நடக்க வைக்கிற வேலை மிகச் சின்னது. வாரம் ஒரு முறை, ஜாமீன் கிடைத்தும் போகாதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுப்பது. உத்தரவுத் தேதியை எதிரே எழுதுவது. ஏழு நாள் தாண்டியதும் ஒரு கடிதம், முப்பது நாள் தாண்டியதும் நிபந்தனை தளர்வு மனு. யாராவது ஒருத்தர் அந்தப் பட்டியலை விடாமல் எழுத வேண்டும்.

*

பணம் கட்ட வழியில்லாதவர்களுக்காக 2023-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொடங்கியபோது இருந்த விதிப்படி, விசாரணைக் கைதிக்கு ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதிக்கு அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரை, மாவட்டக் குழு பரிந்துரைத்தால் கிடைத்தது. நல்ல திட்டம். ஆனால் போதைப்பொருள் வழக்குக்காரர்களுக்குக் கிடையாது.

அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. கஞ்சா வழக்கில் உள்ளே இருக்கிற பெண்களில் நான் பேசியவர்கள் பெரும்பாலும் பையைத் தூக்கியவர்கள். பையின் சொந்தக்காரரை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. ரயிலில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. 20 கிலோவுக்கு மேல் போனால் போதைப்பொருள் சட்டத்தில் அது வணிக அளவு. அந்த அளவு பிடிபட்டால் பிரிவு 37 குறுக்கே நிற்கும், ஜாமீன் குதிரைக்கொம்பு. அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே கைத்தாங்கல் நல்ல வக்கீல்தான். அதையாவது முதல் நாளிலிருந்தே கொடுக்க வேண்டும்.

*

நல்லதங்காளைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை, அண்ணன் இல்லாத நேரத்தில் அண்ணி மூளி அலங்காரி விரட்டிவிட்டாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தாள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. ஜனங்கள் அவளைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள்.

அவளைப் போலவே குழந்தையோடு குதித்து, குழந்தை செத்து, தான் மட்டும் பிழைத்துக்கொண்டவளை நாம் என்ன செய்கிறோம்? கொலை வழக்கு போடுகிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே ரிமாண்ட்.

1989-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வழக்கு வந்தது. நீதிமன்றம் அதில் நல்லதங்காள் பெயரைச் சொல்லியே பேசியது. திடீரென்று மூண்ட கடும் ஆத்திரத்தில் செய்த கொலைக்குச் சட்டம் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. வருஷக்கணக்காகச் சேர்ந்த கொடுமையும் அவமானமும் ஒருத்தியை அந்த விளிம்புக்குத் தள்ளினால், அதையும் அந்த விதிவிலக்கின் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒரு கிராமத்துக் கதைப்பாட்டின் நாயகி நம் குற்றவியல் சட்டத்தில் இடம்பிடித்த தீர்ப்பு அது. எல்லாச் சட்டக் கல்லூரியிலும் இதைப் பாடமாக வைக்க வேண்டும்.

அதன்பிறகு சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது 2017-ஆம் வருடத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 115. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சிக்கான பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆனால் குழந்தையின் மரணத்துக்கான கொலைக் குற்றச்சாட்டு அப்படியேதான் இருக்கிறது.

இப்படி வந்த ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பெயரோ ஊரோ எழுதப் போவதில்லை. கேஸ் சம்பந்தமாக எது கேட்டாலும் பதில் சொல்லுவாள். குழந்தையின் பெயரை மட்டும் சொல்லவே இல்லை. "சின்னது" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். "சின்னதுக்கு அன்னிக்குக் காய்ச்சல்." "சின்னது தூக்கத்துல இருந்துச்சு." பேசும்போது இடது கைக் கட்டை விரலால் வலது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தண்டனை வாங்கிக் கொடுக்க அரசு இருக்கிறது. அவளுக்கு முதலில் மனநல மருத்துவர் வேண்டும் என்று மனு போட யார் இருக்கிறார்கள்?

இந்த வழக்குகளில் வக்கீல் தேட வேண்டியது பழைய காகிதங்களை. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது எழுதின சீட்டு. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது கிடைத்த சி.எஸ்.ஆர். ரசீது. அனைத்து மகளிர் காவல் நிலையங்களை 1992-இல் தொடங்கிய மாநிலம் நம்முடையது. அங்கே இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, "பேசி" அனுப்பிவைத்த ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் மிஞ்சியிருக்கும். அந்தத் தாள்கள் கிடைத்தால் அவள் எத்தனை வருஷம் என்ன பட்டாள் என்பதை நீதிபதிக்குக் காட்ட முடியும். கிடைக்காவிட்டால் அவள் வாய்வார்த்தைதான் மிச்சம். அந்தக் காகிதங்களைத் தேடி பீரோவையும் தகரப் பெட்டியையும் கிளறுகிற உறவு அவளுக்கு இருக்காது. அது தன்னார்வலரின் வேலை. நான் செய்த வேலைகளிலேயே பயனுள்ளது அதுதான் என்று நினைக்கிறேன்.

*

குழந்தைகள். 2022 முடிவில் நாடு முழுக்க 1,537 பெண்கள் தங்களோடு 1,764 குழந்தைகளை வைத்துக்கொண்டு சிறையில் இருந்தார்கள். ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம். 2006-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளே இன்றும் அடிப்படை. குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது, தனி உணவு, காப்பகம், விளையாட்டு, படிப்பு. பிரசவத்துக்கு முடிந்தவரை வெளியே அனுப்ப வேண்டும். சிறையில் பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் சிறை என்று எழுதக் கூடாது. தீர்ப்பில் இந்தக் கடைசி வரியைச் சேர்க்கத் தோன்றியவருக்கு நான் மானசீகமாக நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

வெளியே விட்டுவந்த பிள்ளைகளைப் பற்றி யாரும் எண்ணுவதில்லை. கைது செய்கிற நேரத்தில், "பிள்ளைங்க எங்கே? யார் பார்த்துக்குவாங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ள இரண்டு நிமிஷம் போதும். உள்ளே வந்த முதல் வாரத்தில் பெண்கள் அழுவது பெரும்பாலும் வழக்கை நினைத்து அல்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பூட்டின வீட்டுக்கு முன்னால் நின்றிருக்குமே என்றுதான். குழந்தைகள் நலக் குழுவுக்கு ஒரு போன் போட்டு, பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து வந்து சொன்னால் அவள் அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடுவாள். அதற்குப் பிறகே வழக்கைப் பற்றிப் பேச முடியும்.

*

வாச்சாத்தி. 1992 ஜூன் 20. பதினெட்டுப் பெண்கள் அரசு ஊழியர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்கள் அடுத்து எங்கே போனார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சந்தனக் கட்டை வழக்கில் குற்றவாளிகளாகச் சேலம் சிறைக்கு. ஊர்ப் பெண்கள், குழந்தைகள் என்று நூற்றுக்கும் மேற்பட்டோர். பாதிக்கப்பட்டவள், குற்றம் சாட்டப்பட்டவள் என்று நாம் இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறோமே, அங்கே இரண்டிலும் ஒரே பெண்ணின் பெயர்தான் இருந்தது.

அவர்கள் வாயைத் திறந்து சொல்வதைக் கேட்க ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மாதர் சங்கத்தாரும் போனார்கள். மைதிலி சிவராமன் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினார். 1968 கீழ்வெண்மணிப் படுகொலையைப் பற்றி எழுதியவர், 2021-இல் கொரோனாவில் போய்விட்டார். அந்தக் கேட்டு எழுதுகிற வேலையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது: உயர் நீதிமன்றம், சி.பி.ஐ., 2011 செப்டம்பர் 29 தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் அதற்குள் செத்துப்போனவர்கள் நீங்கலாக 215 பேருக்கும் தண்டனை. 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது.

முப்பத்தொரு வருஷம். அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு நடந்த நடையையும், அவர்களோடு நடந்தவர்கள் விடாமல் நடந்ததையும் நினைக்கும்போது என் அலுப்பு போய்விடுகிறது.

*

இப்படி விடாமல் நடந்தவர்களில் இன்னும் இரண்டு பேர். முதலில் கபிலா ஹிங்கோரானி. பீகார் சிறைகளில் வருஷக்கணக்காகக் கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைப் படித்துவிட்டு 1979-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வக்கீல். அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விஷயத்தை இன்றைக்கு நம்புவது கஷ்டம். எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத பெண்கள், சாட்சிகள், பாதிக்கப்பட்டவர்கள், "பாதுகாப்பு" என்ற பெயரில் சிறையில் வைக்கப்பட்டிருந்தார்கள். நீதிபதி பகவதி அவர்களை இல்லங்களுக்கு மாற்றச் சொன்னார்.

ஷீலா பார்சே வக்கீல் அல்ல, பத்திரிகையாளர். பம்பாய்ச் சிறையில் பதினைந்து பெண்களைச் சந்தித்தார். ஐந்து பேர், லாக்கப்பில் தங்களை அடித்ததாகச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். 1983 பிப்ரவரித் தீர்ப்பு: பெண்களுக்குத் தனி லாக்கப், பெண் காவலர் காவல், பெண் போலீஸ் இருக்கும்போது மட்டுமே விசாரணை, கைதானதும் சட்ட உதவிக் குழுவுக்குத் தகவல். இன்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிற பல விஷயங்கள் அந்தக் கடிதத்திலிருந்து வந்தவை.

*

போலீஸ் ஸ்டேஷன் சம்பந்தமாக ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு.

சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன்னால், பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி எழுத்துமூலம் மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்த விதியை மீறியதாலேயே கைது செல்லாததாகிவிடாது என்று சொன்னது. மீறிய அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னது. எனக்கு முதல் பகுதியில் வருத்தம்தான். ஆனாலும் இரண்டாவது பகுதியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் விளக்கம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, சாட்சி என்ற பெயரில் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. அவள் இருக்கிற இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். மகன் அகப்படவில்லை என்று தாயையும், புருஷன் அகப்படவில்லை என்று பெண்டாட்டியையும் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைப்பது நம் ஊர்களில் பழகிப்போன காரியம். எந்தச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை.

*

இன்னொரு கணக்கு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 479. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. ஆயுள், தூக்கு விதிக்கக்கூடிய குற்றங்களுக்குப் பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் சிக்கல். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் நவம்பரில், தகுதியுள்ள பெண் கைதிகளைத் தேடிக் கண்டுபிடிக்கத் தனி முயற்சி வேண்டும் என்றது.

தேடிக் கண்டுபிடிப்பது என்றால் ஒவ்வொருத்தியின் ரிமாண்ட் தேதியையும் பிரிவையும் எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்ப்பது. பள்ளிக்கூடக் கணக்குதான். யாராவது உட்கார்ந்து போட வேண்டும்.

*

விடுதலை உத்தரவு மாலையில் வந்து, எழுத்து வேலையெல்லாம் முடிந்து ஒருத்தி வெளியே வரும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருக்கும். கைதான அன்று உடுத்தியிருந்த சேலை, ஒரு பிளாஸ்டிக் பை. போனில் சார்ஜ் இருக்காது, இருந்தாலும் சிம் செத்துப்போயிருக்கும். ஊருக்குப் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அவளுக்குத் தெரியாது. அவளை அழைத்துப்போக ஒருத்தர் வருவது வழக்கின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன். வக்கீல் வேலை சிறை வாசலோடு முடிந்தாலும் நம் வேலை முடியவில்லை.

போக வீடில்லாதவர்களுக்கு அரசின் சக்தி சதன் இல்லங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே பேசி வைத்தால்தான் அந்த ராத்திரியே இடம் கிடைக்கும். பிறகு நிபந்தனைக் கையெழுத்து. தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியவளுக்கு எந்த வீட்டிலும் வேலை கொடுக்க மாட்டார்கள். நேரத்தை மாற்றிக் கேட்டு ஒரு மனு போட்டால் பல நீதிபதிகள் ஒத்துக்கொள்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

புழலில் 2023-இல் பெண் கைதிகளே நடத்துகிற பெட்ரோல் பங்க் திறந்தார்கள். சீருடையில் நின்று பெட்ரோல் போட்டுச் சில்லறை எண்ணிக் கொடுக்கிற அந்தப் பெண்களிடம் வண்டிக்காரர்கள் சாதாரணமாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். சிறைத்துறை செய்த நல்ல காரியம் இது. மற்ற ஊர்களிலும் வர வேண்டும்.

*

ஐ.நா. பொதுச்சபை 2010 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகள் எழுபது. பெண்களைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன்னால் வேறு வழி உண்டா என்று பார் என்பது அவற்றின் சாரங்களில் ஒன்று. நம்மிடம் 1958-லிருந்தே நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. சின்னக் குற்றத்துக்கு நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வீட்டுக்கு அனுப்பலாம். கீழ்நீதிமன்றங்களில் வக்கீல் கேட்பதில்லை, அதனால் கிடைப்பதில்லை.

*

இளம் வக்கீல்களுக்கு: உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெயர் கொடுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெண்கள் சிறைக்குப் போங்கள். போகும்போது காலி வக்காலத்துத் தாள், வெள்ளைத்தாள், மை டப்பா எடுத்துப் போங்கள். ஒருத்தி பேசி முடிக்கும் வரை குறுக்கே கேள்வி கேட்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: உங்கள் தெருவில் ஒரு பெண்ணைப் போலீஸ் கூட்டிப்போனால், அவள் செய்தாளா இல்லையா என்ற பேச்சைக் கோர்ட்டுக்கு விட்டுவிடுங்கள். அன்றைக்கே 15100-க்குப் போன் செய்யுங்கள். அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய், அவள் பெயர், ஸ்டேஷன் பெயர், கூட்டிப்போன நேரம் மூன்றையும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். கட்டணம் கிடையாது. அவளுக்குப் பிள்ளைகள் இருந்தால் அன்று ராத்திரி அவர்களுக்குச் சோறு போடுங்கள். கையில் வீட்டு வரி ரசீது இருக்கிறவர்கள், தெரிந்த பெண்ணுக்காக ஜாமீன் நிற்கத் தயங்காதீர்கள்.